கடைசியாக வந்தவனின் கால்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான நான், இந்தத் தொந்தியோடு, பதுளை ஓட்டப் பந்தயத்தில் ஓட ஆசைப்பட்டேன்.

எங்கள் ஆட்களை ஓடப் பழக்கியவர் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரர். ஒடிசலான மனிதர், வெறுங்கையோடு நடந்தாலும் குதிரையை இழுத்துப் பிடித்திருப்பதுபோல ஒரு கை முன்னால் நிற்கும். வருடாவருடம் அவர் பழக்கியவர்களில் ஒருவன்தான் ஜெயிப்பான். ஜெயித்தவனைத் துரை தபால்காரனாக்கி, மலை வேலையிலிருந்து விடுவிப்பார்.

அந்த வருடம் எல்லோரும் ஜெயித்தவனைத் தூக்கிக்கொண்டு ஆட, இவர் மட்டும் கடைசியாக வந்தவனின் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சவனப் பார்க்கலையாண்ணே?” என்று கேட்டேன்.

“அவனுக்குத் தபால் பை கெடச்சிருச்சு. இவன் நாளைக்கு மறுபடி செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தியத் தூக்கணுமே.”

நான் அவர் பக்கத்தில் குந்தினேன். “அடுத்த வருசம் என்னையும் பழக்குங்க. கடைசியா வர்றதுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

என் தொந்தியை ஒருமுறை பார்த்தார்.

“கடைசியா வர்றதுக்கும் ஓடணுங்க.”