உப்பிய முகம் வடிந்த காலம்

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரெல்லாம் செம்பும் டம்ளருமாக ஓடியதே, அந்த வருஷம். மண்ணூர்பேட்டையில், ஒற்றை அறைகள் வரிசையாக இருந்த எங்கள் லைன் வீட்டில் அன்றைக்கு ஆளே இல்லை. கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்ததால், நான் மட்டும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவையாகக் கிட்னி வைத்து, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். முதல் தடவை கொடுத்தது என் அண்ணன். அது சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு என்ன கோபமோ, உடம்பு அதைத் தள்ளிவிட்டது. இந்தத் தடவை கொடுத்தவள் என் மனைவி. விலாவில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அவளும் பிள்ளையாருக்குப் பால் கொண்டுபோய்விட்டு மெல்லத் திரும்பி வந்தாள்.

"இன்னாமே, குடிச்சாரா?"

"குடிச்சாருய்யா. பாதி அவுருக்கு, பாதி உனக்கு. இரு, காச்சித் தரேன். பச்சப் பாலு உனக்கு ஆவாதுன்னு சொல்லிக்கீறாங்கோ."

ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சாமிக்காகக்கூட மாற்றமாட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். அதனால் மாத்திரை டப்பா எப்போதும் அவளிடம் இருந்தது. அதில் சின்னதாக, வெள்ளையாக ஒன்று. நாக்கில் பட்டால் அப்படிக் கசக்கும். ஸ்டீராய்டு என்றார்கள். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

அந்த மாத்திரை தின்ற நாட்கள் எனக்கு நாட்கள் போலவே இல்லை. தூக்கம் வராது, விழிப்பும் முழுசாக வராது. பக்கத்து ஃபேக்டரி எஸ்டேட்டில் ஷிஃப்ட் சங்கு ஊதினால் தண்ணீருக்கு அடியிலிருந்து ஊதுவது போலக் கேட்கும். வெயில் சுவரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஏறி முடிந்திருக்கும். பசி மட்டும் அடங்காது. சாப்பிட்டுக் கைகழுவும்போதே அடுத்த சோற்றைப் பற்றி நினைப்பேன். முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. கன்னம் மேலே வந்து கண்ணை இடித்தது.

லேத் பட்டறையில் என்னோடு வேலை செய்தவன் ஒருநாள் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்று சிரித்தான்.

"இன்னா மாமே, குச்சி மாரி போன, பூசணிக்கா மாரி வந்துக்கீற! உள்ள மொத்தம் நாலு கிட்னியாமே? எனக்கு ஒன்னு குடேன்."

"ஓடுறது ஒன்னுதான்டா. அது என் பொண்டாட்டியுது. அவளாண்ட கேட்டுக்கோ."

நாலு என்பது நிஜம்தான். பிறவியில் இருந்த இரண்டையும் அண்ணன் கொடுத்ததையும் வெளியே எடுக்கவில்லை. அவன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து கண்ணை மூடினால் எனக்குள்ளே ஒரு லைன் வீடு தெரியும். மூன்று அறை பூட்டிக் கிடக்கும். நாலாவது அறையில் யாரோ ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

சில மாதம் போனது. டாக்டரம்மா அந்த வெள்ளை மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்தார். "ரெண்டாவது தடவை வச்ச கிட்னி, அவசரப்படக் கூடாது. மாசம் அரை மாத்திரைதான் குறைப்போம். குறைக்காமலும் விட முடியாது. சர்க்கரை ஏறுது, எலும்பு கரையும்" என்றார். ஒவ்வொரு மாதமும் அரை குறைந்தது. கன்னம் வடிய ஆரம்பித்தது. பழைய தாடை தெரிந்தது.

அப்போதுதான் குழாயடியில் பக்கத்து அறைக்காரி என் மனைவியிடம் கேட்டாள். எனக்கு உள்ளே கேட்டது.

"இன்னாக்கா, உன் ஊட்டுக்காரரு மூஞ்சி வத்திக்கினே வருது? போன தபாவும் இப்டித்தானே ஆரம்பிச்சிது?"

என் மனைவி குடத்தை வைத்துவிட்டு வந்து என் அடிவயிற்றின் இடது பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவளுடைய கிட்னி அங்கேதான் இருந்தது.

"இதுவும் பூட்ச்சின்னா, குடுக்கறதுக்கு இனிமே யாருய்யா கீறாங்கோ?" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து வேப்பம்பூ ரசம். தினமும் வேப்பம்பூ ரசம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. தட்டில் இருப்பது எதுவானாலும் தின்கிற பசி எனக்கு. முகம் வடிவது நின்றது. அப்புறம் கொஞ்சம் உப்பவும் உப்பியது. பக்கத்து அறைக்காரி, "இப்ப தேவல" என்றாள். டாக்டரம்மா சொன்னபடி மாத்திரை மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது.

கோடையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார்.

"கிட்னி நல்லா இருக்கு. ஆனா மாத்திரையை இவ்வளவு குறைச்சும் சர்க்கரை இறங்கலையே. கண்ணுல புரை வேற விழ ஆரம்பிச்சிருக்கு. இனிமே தினம் இன்சுலின் ஊசிதான். அந்த மாத்திரையைச் சுத்தமா நிறுத்திப் பார்க்கலாமான்னும் யோசிக்கிறேன்."

என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஊசி வேணாம் டாக்டரம்மா. நீங்க குறைச்சத நான்தான் ரசத்துல கரைச்சிக் குடுத்துக்கினு கீறேன். கசப்பு தெரியக்கூடாதுன்னு வேப்பம்பூ போட்டேன். பழைய சீட்டைக் காட்டிக் கடையில வாங்கிக்கினேன்."

மேலே மின்விசிறி சுற்றியது. கனவில் யாரோ யாரைப் பற்றியோ பேசுவது போல எனக்கு இருந்தது. அவள் அழுதாள். நான் மட்டும் மடையன் மாதிரி, "அதான் ரசம் அவ்ளோ டேஸ்ட்டா இருந்திச்சா" என்றேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீங்க. இவர் மாத்திரை கொஞ்சம்தான் சாப்பிடறார்னு நினைச்சு நான் ஒரேயடியா நிறுத்தியிருந்தா, பயந்துபோய் நீங்களும் ரசத்தை நிறுத்தியிருந்தா, மாத்திரைக்குப் பழகின உடம்பு தாங்காம இவர் படுத்த படுக்கையாயிருப்பாரும்மா. கிட்னியும் போயிருக்கலாம். முகம் உப்பினது மாத்திரையால. ஆரோக்கியம் இல்ல. வடிஞ்சா பயப்படாதீங்க. நீங்க குடுத்த கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தம் சொல்லும், மூஞ்சி சொல்லாது."

இந்தத் தடவை மாத்திரையை முதலிலிருந்து குறைத்தோம். அவளே உடைத்து, என் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறேனா என்று பார்ப்பாள். குறையக் குறைய மூட்டெல்லாம் வலித்தது. கை தூக்கினால் வேறு யாருடைய கையோ போல இருந்தது. ஆனால் தூக்கம் வந்தது. மத்தியானத்தில், சோற்றின் முன்னால், பேச்சின் நடுவில் என்று மழைத்தண்ணீர் புகுவது போலத் தூக்கம் வந்தது. முகம் முழுக்க வடிந்தது. பக்கத்து அறைக்காரி மறுபடி கேட்டபோது என் மனைவி, "அவுரு மூஞ்சியே அவ்ளோதாம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். அன்றைக்கும் உள்ளே வந்து அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கத்தான் செய்தாள். கடைசியில் மாத்திரை துளியூண்டில் வந்து நின்றது. அதற்குக் கீழே டாக்டரம்மா போகவில்லை. ஊசி தேவைப்படவில்லை. அவள் கொடுத்தது ஓடியது.

உங்கள் தெருவிலும் கிட்னி வைத்துக்கொண்ட ஒருவர் இருப்பார். அவருக்கு இந்த மாத்திரையைக் குறைக்கிற நாளும் வரும். அவரிடம் டாக்டர் சொல்லியிருப்பார். அந்த வீட்டில் சோறு ஆக்குகிறவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.