கூட்டினால் எட்டு

அண்ணியின் ஹால் டிக்கெட்டை முதலில் கையில் வாங்கியது அம்மாதான். போட்டோவைப் பார்க்கவில்லை, பரிட்சை எங்கே என்று பார்க்கவில்லை. நேரே எண்ணுக்குப் போனாள். 4207031. விரல் விட்டுக் கூட்டினாள். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. "அய்யய்யோ, எட்டால்ல வந்திருக்கு!" என்று பொத்தென்று கீழே வைத்துவிட்டாள். எட்டு ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அண்ணன் ஆசைப்பட்ட வண்டி எண்ணையே இதற்காக வேண்டாமென்று சொல்ல வைத்தவள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. முதலியார்பேட்டையில் இருந்தோம். அண்ணி ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். பத்தாவது பாஸ் செய்தால் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவருக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை. கணக்கு ஒன்றுதான் பாக்கி. அதில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். "இந்த வாட்டியும் போச்சுன்னா விட்டுடறேன், அத்தை" என்று அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது எட்டு வேறு. "நான் பரிட்சைக்குப் போவல" என்று பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். கத்தினேன், கெஞ்சினேன். காதிலேயே வாங்கவில்லை.

மறுநாள் பார்த்தால், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் எண்ணுக்கு அடுத்து வரும் எண்களை எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். எவளுக்கு நல்ல எண் கிடைத்திருக்கிறது என்று பார்க்கும் வயிற்றெரிச்சல்தான், வேறென்ன! "ஏய், இங்க வாயேன்" என்றார். அடுத்த எண்ணுக்கு ஒன்பது; அதற்கடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 4207040-க்கு மறுபடியும் எட்டு. பின்னால் ஒன்பது தள்ளிப் பார்த்தோம், 4207022-க்கும் எட்டு. ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வருமோ அதுதான் இந்தக் கூட்டுத்தொகை, மீதியே இல்லையென்றால் ஒன்பது என்று நான் கல்லூரிப் பாடத்தை எடுத்துவிட்டேன். அண்ணிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "அப்போ ஒம்போது பேருக்கு ஒருத்தருக்கு எட்டு. அத்தினி பேரும் ஃபெயிலா? போவேன், போ" என்றார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பரிட்சை அன்று மேசைகளில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே போய், 4207040-ல் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். அவளும் தவறிப்போய் மறுபடி எழுத வந்தவள். நெற்றி நிறைய விபூதி, முகத்தில் ஈயாடவில்லை. "உனக்கும் எட்டுதானே? எனக்கும் எட்டுதான். தைரியமா எழுதும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாராம். பெயர்கூடக் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று பிரவுசிங் சென்டரில் நிற்க இடமில்லை. அண்ணியின் எண்ணைத் தட்டினேன். பாஸ்! நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. அண்ணி சிரிக்கக்கூட இல்லை. என் தோளை அழுத்தி, "ஒம்போதைக் கூட்டிப் போடு" என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். போட்டேன். பக்கம் ஆடி அசைந்து வந்தது. அவளும் பாஸ். அப்போதுதான் அண்ணி அழுதார்.