எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என்னைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் கூடியது. சேக்காட்டில் எங்கள் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தேன். சில மாதம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டு, “இனிமே உனக்குக் கார்டு கிடையாதுப்பா. சம்பளம் வரம்பைத் தாண்டிடுச்சு” என்றார்கள்.

தொழிலாளர் காப்பீட்டு அட்டையைத்தான் கார்டு என்போம். அதைக் காட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம். என் மனைவிக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை அந்தக் கார்டில்தான் வந்துகொண்டிருந்தது. சம்பளம் ஏறினால் வைத்தியம் போய்விடும் என்று எவனாவது நினைப்பானா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜாங்கிரியைத் திருப்பி வாங்கவா முடியும்?

ஆயுள் பாலிசி பிடிக்கும் ஏஜெண்ட் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். மருத்துவச் செலவுக்கும் பாலிசி வந்திருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு வந்தார்.

“வருசா வருசம் கட்டணும், அண்ணாத்தே. ஆஸ்பத்திரில படுத்தா அவுங்க குடுப்பாங்க.”

“படுக்கலைன்னா?”

“கட்டுனது போனதுதான்.”

“இன்னாயா இது! நல்லாக் கீறவனுக்கு நஷ்டமா?”

அவர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கார்டு போன பயத்தில் சரி என்றேன். விண்ணப்பம் இங்கிலீஷில் இருந்ததால் அவரே தமிழில் கேட்டார். சர்க்கரை கீதா, பிரஷர் கீதா, இழுப்பு கீதா? எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

எங்கள் பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பான். கம்பெனி டாக்டர் கேட்கும் கேள்விக்கு ஒரே ஒரு ‘ஆமாம்’ சொன்னால் போதும், அந்த வேலை வரிசையில் பின்னால் நிற்பவனுக்குப் போய்விடும். ஒரு காது மந்தம் என்பதை மறைத்துத்தான் நானே உள்ளே நுழைந்தேன். வியாதியைப் பற்றிக் கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் பாஸ் மார்க். இந்த விண்ணப்பத்தையும் அப்படி ஒரு பரீட்சை என்றே நினைத்துவிட்டேன்.

ஏஜெண்ட் பேனாவை நிறுத்தினார். “அக்காவுக்குச் சர்க்கரைன்னு கேள்விப்பட்டனே? உண்மையச் சொல்லிடு அண்ணாத்தே. சர்க்கரைக்குக் குடுக்க மாட்டாங்க, மத்ததுக்குக் குடுப்பாங்க.”

“அதெல்லாம் இல்ல. இல்லன்னே போடு.”

அவர் போனதும், சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவியிடம் பெரிய மேதாவிபோலச் சொன்னேன்: “யாரு கேட்டாலும் ஒரே பதில்தாம்மே. இல்ல!”

இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆவடியில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஆபரேஷன். சாயங்காலம் வந்து பார்த்தால் உதடு காய்ந்து, கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டுக்கொண்டு கிடந்தாள். தண்ணீர்க் கூஜா காலி.

“மாத்திர போட்டியா?”

“ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்” என்றாள். “சுகர் கீதான்னு டாக்டர் கேட்டாரு. இல்லன்னுட்டேன். பாலிசி பாரத்துல நீ அப்டித்தானே சொல்லிக்கீற? மாத்திரையப் பாத்தா நர்ஸு கண்டுபுடிச்சிடுமேய்யா.”

நான் ஏமாற்றியது ஏதோ ஓர் ஆபீஸை என்று நினைத்திருந்தேன். இவள் தன் வயிற்றைக் கிழிக்கப்போகிறவரிடமே அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள்! அன்று சாயங்காலம் வராமல், மறுநாள் காலையில் நேராக ஆபரேஷன் நேரத்துக்கு வந்திருந்தால்? இன்று அவள் என் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். இருந்தும் அடிக்கடி நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “படிச்சவன்தானேய்யா நீ? இப்பதான் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வர்றதுக்குள்ள குளுக்கோஸ் ஏத்தியிருந்தா?” என்று கத்தினார். நாளைக்கு ஆபரேஷன் இல்லை, சர்க்கரையை இறக்கிய பிறகுதான் என்றார். வேகமாக வந்து அவள் கட்டிலருகே நின்று கேஸ் ஷீட்டை எடுத்தார்.

“ஏம்மா, எத்தனை வருஷமா சர்க்கரை?”

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. அந்த நிலைமையிலும் என் உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

“எட்டு வருசம்னு சொல்லும்மே! சொல்லு!” என்று கத்தினேன்.

“எட்டு வருசமா கீது சார்” என்றாள். டாக்டர் எழுத ஆரம்பித்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காதருகே ரகசியமாகக் கேட்டாள்:

“அப்போ, பாலிசிக்காரங்க குடுக்க மாட்டாங்களேய்யா?”