பத்தியம் என்று எழுதாத பலகை

அந்தத் தொழிற்சாலையில் நானூறு பேருக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவன் என்று பார்த்தால் ஒருவன்தான். வெல்டிங் பிரிவில் இருந்தான். இருபத்திரண்டு வருடமாக கேன்டீன் அடுப்படியில் நிற்கிறவள், மேலாளரையே "மிச்சம் வைக்காம சாப்பிட்டு எழுந்திருங்க" என்று அதட்டக்கூடியவள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகவே வந்து உட்காருகிறவர்களும் உண்டு.

வீட்டிலும் அது ஓயவில்லை. பெயின்ட் பிரிவில் இருந்த கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு தட்டையும் ஓர் எச்சரிக்கையோடுதான் வைத்தாள். அவித்த காய், உப்புச் சப்பில்லாத பருப்பு, தொட்டுக்கொள்ள ஒரு வசவு. மனிதர் முணுமுணுக்காமல் விழுங்குவார். ஒருநாள் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, தள்ளுவண்டியின் பக்கத்தில் அவரைப் பார்த்துவிட்டாள். அவரும் பார்த்தார். ஐம்பத்தாறு வயது ஆள், எண்ணெய் கசியும் பொட்டலத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார். நோய்க்குப் பயப்படாதவர் தன் வாய்க்குப் பயந்திருக்கிறாரே என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

பிறகு தம்பிக்கும் சர்க்கரை வந்தது. இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. இனி ஒரு புண் வந்து, அதைக் கவனிக்காமல் விட்டால் காலே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான், வேலையில் இரண்டு பேர் சர்க்கரையால் மயங்கி விழுந்ததைப் பார்த்து, நிர்வாகம் கேன்டீனில் தனியாக ஒரு வரிசை வைத்தது. மேலே ஒரு பலகை: "பத்திய உணவு."

யார் போய் நிற்பார்கள்? நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள்.

"இங்க வாடா, இது உனக்குத்தான்," என்று தம்பியைக் கரண்டியை நீட்டிக் கூப்பிட்டாள்.

"பத்தியம் சாப்பிட நான் என்ன புள்ளையா பெத்திருக்கேன்?" என்றான் அவன். கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் பலகையை இறக்கி எழுத்தை அழித்தாள். கத்தரிக்காயை நெருப்பில் காட்டித் தோல் கருகச் சுட்டாள். தக்காளியையும் அப்படியே. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, எண்ணெயைக் கணக்காக நிறுத்திக்கொண்டாள். கூடக் கெட்டிப் பருப்பு, ஒரு சின்னக் கிண்ணம் சோறு. பதினொன்றரைக்கு வெல்டிங் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். பலகையில் எழுதினாள்: "சுட்ட கத்தரிக்காய். தீர்ந்தால் தீர்ந்ததுதான்."

வந்தார்கள். முதலில் மூக்கு வந்தது, பின்னால் ஆள் வந்தான். தம்பி மூன்றாம் நாள் வந்தான். நான்காம் நாள் தீர்ந்துபோய்விட்டது என்று சண்டைக்கு நின்றான். ஐந்தாம் நாளிலிருந்து வரிசையில் முதல் ஆள். சர்க்கரை என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. அவளுக்கு அது லேசுப்பட்ட காரியமா?

இரண்டு மாதம் ஓடியது. கேன்டீனுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரர் எதையோ பேசப்போய் விஷயத்தை உடைத்துவிட்டார். தம்பி தட்டோடு அடுப்படிக்குள்ளேயே வந்து நின்றான்.

"இதுவும் அந்தப் பத்தியம்தானாமே? என்னை ஏமாத்திட்டியாக்கா?"

"எதுல ஏமாத்தினேன்? ருசியிலயா?"

முறைத்துக்கொண்டே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். முறைத்துக்கொண்டே தின்றான். வழித்துத் தின்றான். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்து, வலது கால் பூட்ஸைக் கழற்றினான். காலுறையை உருவினான். குதிகால் ஓரத்தில் பட்டாணி அளவுக்குச் சிவந்து நீர் கோத்திருந்தது.

"காலைல குளிக்கறப்போ பாத்தேன். வீட்ல கூட இன்னும் சொல்லல," என்றான்.

தொண்டை வரை வந்த வசவையெல்லாம் அவள் அப்படியே விழுங்கினாள். கண் நிறைந்துவிட்டது. மறைக்காமல் தன்னிடம் காட்டினானே என்றிருந்தது. கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். பரிமாறும் நேரத்தில் அவள் கரண்டியைக் கை மாற்றியதே இல்லை.

"திட்டலையாக்கா?"

"பூட்ஸ் வேணாம், அழுத்தும். என் செருப்பைப் போட்டுக்கோ. டாக்டர் ஒரு மணி வரைக்கும்தான் இருப்பாரு."

"அப்ப உனக்கு?"

"நட நீ," என்று வெறுங்காலோடு அவன் பின்னால் போனாள்.