சூடு எங்கே போகும்?

"எல்லாரும் வேகம் வேணும்னு வர்றாங்க. வேகம் கூடினா சூடும் கூடும். அந்தச் சூடு எங்க போகும்னு ஒருத்தராவது கேக்கறாங்களா?"

பாகங்களைப் பொருத்திக் கம்ப்யூட்டர் செய்து தரும் கம்ப்யூட்டர்காரர் தினமும் புலம்புவது இதைத்தான். பல் விளக்கும்போதும் புலம்புவார், தட்டின் முன் உட்கார்ந்தும் புலம்புவார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது. "நான் கேக்கறேன், எங்க போகும்? மொதல்ல சாப்பிட்டு முடிங்க" என்பாள்.

பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு அந்தப் புலம்பல் நின்றுபோனது. அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. வலது கை அசைந்தது. விரல்களில்தான் உணர்ச்சி இல்லை. ஒருநாள் கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நின்றார். அவள் பிடுங்கி வைத்தபோது விரலெல்லாம் சிவந்திருந்தது. ஊரார் சூட்டுக்கெல்லாம் கவலைப்பட்ட மனுஷனுக்குத் தன் கை சுட்டது தெரியவில்லை. முன்னறையில் இருந்த வேலை மேசையை அன்றே துணி போட்டு மூடிவிட்டார்.

அந்தத் துணியை எடுக்க வைத்தது அவருடைய தங்கை. வீட்டிலிருந்தே வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"அண்ணா, பெரிசா வாங்க வசதியில்ல. சின்ன பிராசசரா போட்டு, நீதான் ஓவர்கிளாக் பண்ணி வேகத்தக் கூட்டித் தரணும். தண்ணி ஓடுமே, கலர் லைட்டெல்லாம் எரியுமே, அந்தக் கூலர் போடேன்."

"ஏன், உங்க வீட்ல பல்பு இல்லியா?"

அடுக்களையில் இருந்த மனைவி கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் நக்கல்.

வேகத்தைக் கூட்டவே முடியாதபடி பூட்டி வரும் பிராசசர்களை ஒதுக்கினார். பூட்டில்லாததில் விலை குறைந்ததையும், அதற்கு இடம் கொடுக்கிற மதர்போர்டையும் எடுத்தார். மிச்சம் பிடித்ததை, பிராசசரின் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலரில் போட்டார். செம்புக் குழாய்கள், அலுமினியத் தகடுகள், பெரிய விசிறி ஒன்று. "காத்தே போதும். ஒழுகாது."

வேலை நடக்கும்போது யாரும் கிட்டே வரக்கூடாது, பேசக்கூடாது என்பது அவர் சட்டம். பெண்கள் இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிராசசரின் மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைத் தடவினார், கூலரை இறக்கித் திருகினார், ஓடவிட்டு வேகத்தைக் கூட்டினார். திரையில் சூடு மளமளவென்று ஏறியது. கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அணைந்தது.

"விடுண்ணா. உடம்ப அலட்டிக்காத. கடையில குடுத்துப் பாத்துக்கறேன்."

தங்கை ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. கை துணியைத் தேடியது.

"கழட்டுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"மூடி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம். கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கூலரின் அடிப்பக்கத்தைத் துடைத்து நகத்தால் கீறினாள். ஓரத்தில் ஏதோ எழும்பியது. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். கீறல் விழாமலிருக்க ஒட்டி அனுப்புவது. உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூடு கூலருக்குப் போகாது. இத்தனை வருஷமும் விரலால் தடவியே அதைக் கண்டுபிடித்தவர். இன்றும் தடவித்தான் பார்த்திருந்தார். விரல் சொல்லவில்லை.

தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இனிமே என் கைய நம்ப முடியாதுடி."

"என் கை இருக்குல்ல? பாத்திரம் தேய்ச்ச கை. பிசுக்கு எங்க ஒட்டியிருந்தாலும் சொல்லிடும்."

பிறகு பழைய பேஸ்ட்டை வழித்தெடுத்துவிட்டு, கூலரை அவள் கையில் கொடுத்தார். அவள் தடவிப் பார்த்துத் தலையாட்டிய பிறகே புது பேஸ்ட் தடவி மாட்டினார். இந்த முறை சூடு ஓரளவு ஏறி, அங்கேயே நின்றது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டிப் பார்த்தாள்.

இப்போது அந்த மேசைமேல் துணி இல்லை. பேசக்கூடாது என்ற சட்டமும் இல்லை. மாட்டுவதற்கு முன்னால், வேலை கொடுக்க வந்தவர் கையில் கூலரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். உங்கள் கம்ப்யூட்டர் வேகம் போதவில்லையென்றால் அவரிடம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கூலரைக் கொடுத்தால் கூச்சப்படாமல் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், சூடு எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். மனுஷன் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.