எழுப்புதல் கூட்டம்

எழுப்புதல் என்ற சொல்லுக்கு எனக்கு அப்போது ஒரே பொருள்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நேரமானால் அம்மா என் போர்வையைப் பிடுங்குவாளே, அது. அதனால், "எழுப்புதல் கூட்டம், அனைவரும் வாரீர்" என்று ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று வடக்கனந்தல் தெருக்களில் கத்திக்கொண்டு போனபோது, அடடா, நம் வீட்டுக்கென்றே ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். எங்கள் வீட்டில்தான் எழுப்ப வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார்.

அப்பா வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்ன வேதக்கோயிலில் டோலக் வாசிப்பார். அவர் கை வைத்தால் பாட்டுத் தெரியாதவர்கள்கூடத் தாளம் போடுவார்கள். அந்த வருஷத்து மழையில் அவர் மலைமேல் இருந்தபோது பாதையில் மண் சரிந்துவிட்டது. கீழே என் தம்பிக்குக் காய்ச்சல். மறுநாள் அப்பா நடந்தே இறங்கி வந்தபோது தம்பியை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். ஜீப் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். டோலக் ஆணியில் தொங்கியது. கூப்பிட்டால் பேச மாட்டார். எங்களுக்கும் அவரிடம் தம்பியின் பேச்சை எடுக்கப் பயம்.

அம்மா களையெடுக்கும் கூலிக்குப் போனாள். போகும்போது சோற்றுத் தூக்கோடு இன்னொரு பையும் இருக்கும். அதில், எங்கள் குத்தகைப் பருத்திக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்து டப்பா. சாயங்காலம் அதைத் திரும்பக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள். எதுக்கும்மா என்று கேட்டால், "அடுத்த பட்டத்துக்கு ஆவும்டி" என்பாள். அம்மாவுக்குச் சாமான்கள்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன்.

கூட்டத்தன்று நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் ஒல்லி ஆள், ஆனால் அம்மாடி, என்ன தொண்டை! செத்தவனைக் கல்லறையிலிருந்து எழுப்பிய ஆண்டவர் இன்றைக்கும் எழுப்புவார், விசுவாசம் உள்ளவர்கள் முன்னால் வரலாம் என்றார். பெரியவர்கள் தயங்கினார்கள். நான் எழுந்து போனேன்.

"எங்கப்பா எழுந்துக்கவே மாட்டேன்றாரு. வந்து எழுப்புங்க."

பிரசங்கியார் குனிந்து, "எங்க இருக்காரும்மா?" என்றார்.

"வூட்லதான், படுத்துகினு. கூப்ட்டா பேசல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் கூட்டத்துக்கு வந்ததைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, "தெரியாது. கழனில இருக்காங்க" என்றேன்.

இத்தனையும் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, "ஐயோ, காலைல கூழு குடிச்சானே எந்தம்பி!" என்று அலறி எழுந்து ஓடினாள். கூட்டமே அவள் பின்னால் ஓடியது. யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடக் கழனிக்குப் பறந்தார். பிரசங்கியார் முகத்தில் ஈயாடவில்லை. எழுப்புவார் என்று சொல்லிவிட்டார், இனிப் பின்வாங்க முடியுமா? ஆனாலும் மனுஷன் ஓடிப்போகவில்லை, கூடவே வந்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. நானோ, அப்பாவை எழுப்ப இத்தனை பேரா என்று பெருமையோடு முன்னால் நடந்தேன்.

அத்தை உள்ளே போனதும் அப்பாவின் முதுகில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். "மண்ணு சரிஞ்சா நீ இன்னாடா பண்ணுவ எந்தம்பி! புள்ள மொகத்தப் பாக்க மலையே எறங்கி ஓடியாந்தியே! உம்மேல இன்னாடா தப்பு!" அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது. வாசலில் நின்ற பெண்களும் அழுதார்கள். பிரசங்கியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தார்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"யாருக்கு இன்னா ஆச்சு? எதுக்கு அழுவுறீங்க?"

பாதிக் கூட்டம் தெருவுக்கு ஓடியது. மீதி "அல்லேலூயா!" என்று கத்தியது. பிரசங்கியார், ஆணியில் தொங்கிய டோலக்குக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள்.

அப்போது அம்மா ஓடி வந்தாள். முடி அவிழ்ந்திருந்தது, முழங்கால்வரை சேறு. அப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "யோவ், இன்னாய்யா குடிச்ச? வாயத் தொற" என்று மோந்து பார்த்தாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அப்பா சாராயம் தொடாதவர் என்று ஊருக்கே தெரியுமே! அப்பா அம்மாவைப் பார்த்தார், அவள் நெஞ்சோடு அணைத்திருந்த பையைப் பார்த்தார். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து, தம்பியின் பெயரைச் சொல்லி, குழந்தைபோல் அழுதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டோலக் ஆணியிலிருந்து இறங்கியது. அப்பா வாசித்த வாசிப்பில் கோயில் ஓடு பிய்த்துக்கொண்டு போகும் போலிருந்தது. பழைய அப்பாகூட அப்படி வாசித்ததில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து சாட்சி சொன்னார். "நான் செத்துதாங்க கெடந்தேன். ஆண்டவர்தான் என்ன எழுப்புனாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா படுத்துக் கிடந்தவர், அதுவும் கோயிலில் நின்றுகொண்டு, இப்படிப் புளுகலாமா? "அம்மா, அப்பா பொய் சொல்றாரு" என்று அம்மாவின் முந்தானையை இழுத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் காலையில் அப்பா மறுபடியும் ஜீப் ஓட்டக் கிளம்புவதற்காக, பாடிக்கொண்டே வாளியில் தண்ணீர் மொண்டு குளித்துக்கொண்டிருந்தார். அம்மா சோற்றுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மருந்துப் பை தலைமாட்டிலேயே கிடந்தது. பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, டப்பாவ மறந்துட்டுப் போற!"

அம்மா திரும்பி, அப்பாவின் பாட்டு கேட்கும் எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்தாள்.

"வூட்லயே இருக்கட்டும்டி. இனிமே வூட்லயே இருக்கலாம்."

இவ்வளவு நாள் பத்திரமாகச் சுமந்த சாமானை இப்படி அலட்சியமாக விட்டுப் போகிறாளே, அம்மாவுக்குப் பொறுப்பே போய்விட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு, நான் அதைக் கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்தேன்.