மாமியின் கம்ப்யூட்டருக்கு டாஸா, விண்டோஸா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, பழுதான மெஷினைத் தேடிப் போய், அதன் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் நாலு பேர் முன்னால் நாம் பழுதாகி நிற்கும் தொழில். இதே தொழிலில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில், தி.நகர் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த கடையில் நான் சிஸ்டம் இன்ஜினியர். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. முதலாளி சந்திரன் சார். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் வேலையெல்லாம் முருகனுக்கு. மெஷினை எழுப்பி உட்கார வைத்து வேலை வாங்குகிற அடிப்படை புரோகிராம் இருக்கிறதே, ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் எதை எந்த மெஷினில் போடுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ஒரே ஒரு கையடக்க மெஷினுக்கு அதை முடிவு செய்வதற்குள் நான் பட்ட அவமானம் இருக்கிறதே, சாந்தோம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டபோதுகூட எனக்கு முகம் அப்படிச் சிவந்ததில்லை.

கேசட் கடை கீழே

ஒரு மத்தியானம், வேட்டி சட்டையில் ஒல்லியாக ஒருவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கையில் கறுப்பாக ஒரு வீடியோ கேசட். எங்கள் கட்டடத்தில் கீழே ஒரு வீடியோ லைப்ரரி இருந்தது. கேசட்டைத் திருப்பித் தர வருகிறவர்களில் பாதிப் பேர் வழி தவறி எங்களிடம் வந்துவிடுவார்கள். நான் ஒரு மானிட்டருக்குப் பின்னால் தலையை விட்டிருந்தேன். தலையைக்கூட வெளியே எடுக்காமல், "கேசட்டெல்லாம் கீழே சார், படிக்கட்டுக்கு லெஃப்ட்ல" என்றேன்.

அவர் போகவில்லை. பக்கத்து மேஜையில் அதை வைத்து, புத்தகத்தைத் திறப்பது போல மெதுவாகத் திறந்தார். உள்ளே கையளவு திரை, பட்டாணி பட்டாணியாகக் கீபோர்டு. கடையில் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். அப்படி ஒரு மெஷினை நாங்கள் பத்திரிகையில்தான் பார்த்திருந்தோம். அவர் என்னைப் பார்த்து, கிண்டல் துளியும் இல்லாமல், உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "வெளியில கம்ப்யூட்டர் கடைன்னு போட்டிருக்கே, நான் சரியாத்தானே படிச்சேன்?"

கோபால் என்றொரு பாஷை

அவர் பெயர் சேஷாத்ரி. நந்தனத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைலாப்பூரில் வீடு. மனைவி ராஜலட்சுமி வங்கியில் அதிகாரி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, படுக்கையில் இருந்தார். மூன்று மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. "சுவத்தைப் பாத்துண்டே இருக்கா. பேச்சே இல்லே. சாப்பாடும் சரியா இல்லே" என்றார் சேஷாத்ரி சார். ஜப்பானில் இருந்த மகள், படுத்துக்கொண்டே இரண்டு கையிலும் பிடித்து கேம் ஆடட்டும் என்று அம்மாவுக்கு இந்த மெஷினை அனுப்பியிருந்தாள். ஒரே சிக்கல், திரையில் வருவது அத்தனையும் ஜப்பானிய எழுத்து.

"கவலையே படாதீங்க சார், எங்க ஸ்டெல்லாவுக்கு எல்லா லாங்வேஜும் தெரியும்" என்று சந்திரன் சார் வேலையை என் தலையில் கட்டினார். சேஷாத்ரி சார் பரவசமாகிவிட்டார். நான் குத்துமதிப்பாக எதையோ அமுக்க, திரை முழுக்கப் புதிதாகப் பத்து வரி ஜப்பானியம் வந்தது. "என்னம்மா எழுதியிருக்கு?" என்று குனிந்து கேட்டார். எனக்குத் தெரிந்த பாஷை கோபால், பாஸ்கல், சி என்று கம்ப்யூட்டர் பாஷைகள் மட்டும்தான் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. கோபால் என்பது கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கு எழுதும் ஒரு பாஷை. ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை. ஆறுதலாகச் சொன்னார்: "பரவாயில்லேம்மா. அந்த கோபாலுக்கு ஜப்பானிஸ் தெரியும்னா அவரையே கூப்பிடேன்."

நீ யார்?

ஜப்பானியத்தை அழித்துவிட்டு வேறு ஏதாவது போட வேண்டும் என்று முடிவாயிற்று. எதைப் போடுவது? கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும் டாஸ் போதும் என்றார் முருகன். "சின்ன மெஷின் ஸ்டெல்லா. டாஸ் போட்டா கேம் பறந்துகினு போவும். பெருசா எதுனா போட்டா மூச்சு முட்டிக்கும், பாத்துக்க." வண்ணப் படம் காட்டும் விண்டோஸ் போட்டால்தான் கடைக்கு மரியாதை என்றார் சந்திரன் சார். நான் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் லினக்ஸ் என்று ஒன்று புதிதாக எங்கள் காதில் விழ ஆரம்பித்திருந்தது. கடையில் வேறு யாருக்கும் தெரியாது என்பது ஒன்றே அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகப் போட்டு ஏற்றினேன்.

மைலாப்பூர் வீட்டில் முதல் தடவையாக மாமியைப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து, நெற்றியில் பொட்டு சரியாக வைத்து, கண் மட்டும் எங்கோ இருந்தது. மெஷினைக் கையில் கொடுத்தேன். திரை கறுப்பாகி, பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. நான் அடித்தேன், தப்பு என்றது. திரும்ப அடித்தேன், தப்பு. வேர்த்துக் கொட்டியது. சேஷாத்ரி சார் ஃபேனைக் கூட்டினார். அந்தப் பட்டாணிக் கீபோர்டில் ஆங்கில கேப்பிடல் எழுத்துக்கான பட்டன் அழுந்தியிருந்தது என்பது, லஸ் கார்னரில் தி.நகர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்கு முன்பே மாமி மெஷினை மூடி என்னிடம் நீட்டியாகிவிட்டது. அன்றைக்கு அவர் பேசியது ஒரே வாக்கியம்: "படுத்துண்டு ஒரு ஆட்டம் ஆடறதுக்கு, நான் யாருன்னு அதுக்கு என்னத்துக்குடீம்மா தெரியணும்?"

வெள்ளிக்கிழமை துப்பாக்கி

அடுத்தது விண்டோஸ். சந்திரன் சார் சொன்னபடியே போட்டேன். கூடவே விமானத்தைச் சுட்டுத் தள்ளும் ஒரு கேமையும் ஏற்றி, சத்தத்தைக் கடைசி வரை கூட்டி வைத்தேன். போன தடவை போன மானத்தை இந்தத் தடவை பிடித்துவிட வேண்டும் என்கிற வேகம்.

போன நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோபாலபுரத்திலிருந்து மாமியின் ஒன்றுவிட்ட அக்காவும் இன்னும் சில பெண்களும் வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, மாமி குணமாக வேண்டும் என்று சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடியும் வரை ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மாமி கண்ணாலேயே 'கொண்டா' என்றார். மெதுவாகக் கட்டிலருகே போய்த் திறந்தேன். நான் நினைத்ததை விட அது மெதுவாக எழுந்தது. முருகன் சொன்ன மூச்சு முட்டல். ஒன்றும் வரவில்லையே என்று மேலும் மேலும் அமுக்கினேன். அமுக்கியதையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொண்டிருந்து, எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பிய நேரத்தில் ஒட்டுமொத்தமாகச் சுட ஆரம்பித்தது. ஒரு பெண்மணி கையில் இருந்த குங்குமக் கிண்ணம் கவிழ்ந்தது. எனக்கு அதை எப்படி நிறுத்துவது என்றே தெரியவில்லை. கடைசியில் பேட்டரியைப் பிடுங்கினேன். எல்லோரும் படுக்கையைப் பார்த்தார்கள். மாமி ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டினார்: "நான் சுடலே. இந்தப் பொண்ணுதான் சுட்டா."

சமையலறையும் படுக்கையறையும்

மறுநாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். சந்திரன் சார் மெஷினை என் பக்கம் தள்ளினார். முருகன்தான் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "இன்னாத்துக்கு அழுவுற? நான் வரேன் கூட" என்றார். டாஸ் போட்டு, ஆட்டத்தின் பக்கத்தில் ஒரு எண், எண்ணை அமுக்கினால் ஆட்டம் என்று எளிதாக அமைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். இதற்காகவா இவ்வளவு நாள் என்று மாமி திட்டப்போகிறார், வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்றுதான் இருந்தேன்.

சேஷாத்ரி சார் எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டு காபி கலந்தார். குரலைத் தாழ்த்தி, "நேத்திக்கு டாக்டர் வந்தார். கம்பு இல்லாம நடக்கறது கஷ்டம்னுட்டார். வேலைக்குப் போக முடியாதோன்னு ராத்திரியெல்லாம் அழுதா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதேங்கோ" என்றார். நான் துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்ததும் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அறைக்குள் போய் மெஷினைத் திறந்து கொடுத்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஓரத்தில் துடிக்கும் சின்னக் கோடு. மாமி நிமிர்ந்தார். நான் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே அவர் விரல் தானாக எதையோ அடித்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக வரவழைத்தது. மேலிருந்து கட்டை விழும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விழ விழ அடுக்க ஆரம்பித்தார். அவருடைய பேங்க் பிராஞ்சில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம், இதே கறுப்புத் திரையாம். லஞ்ச் டயத்தில் இதே ஆட்டமாம். "இதைப் பாத்தா என் சீட்டுல உக்காந்துண்டு இருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எது மரியாதை, எது புதுசு என்று கடையில் அத்தனை நாள் பேசினோமே, ஆடப்போகிறவரிடம் போய் உங்களுக்கு எது பழக்கம் என்று நான் கேட்கவே இல்லை. "ஸாரி மாமி" என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: "இடுப்புதாம்மா ஒடிஞ்சுது. வாய் நன்னாத்தானே இருக்கு, ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

மாடி ஏறி வந்தவர்

பல மாதங்கள் கழித்து, கடைப் படிக்கட்டில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், கையில் கம்போடு ராஜலட்சுமி மாமி. பின்னால் ஒரு படி கீழே, விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராகக் கையை விரித்தபடி சேஷாத்ரி சார். முருகன் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாமி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கைப்பையிலிருந்து அந்த மெஷினை எடுத்து என் முன்னால் வைத்தார். அடுத்த வாரம் வேலையில் திரும்பச் சேருகிறாராம். இத்தனை நாளில் பிராஞ்ச் முழுக்க விண்டோஸுக்கு மாறிவிட்டதாம். போய் முழிக்காமல் இருக்க வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டுமாம்.

நான் திரும்பவும் பழைய ஸ்டெல்லாவாகிவிட்டேன். "மாமி, அது இந்த மெஷினுக்குத் தாங்காது. ரொம்ப ஸ்லோவா இருக்கும். டாஸ்தான் உங்களுக்கு நல்லது, நான் சொல்றேனே" என்று நீட்டி முழக்கினேன். படிக்கட்டு முழுக்க அவர் கம்பு எழுப்பிய சத்தத்தைக் அவ்வளவு நேரம் கேட்டுவிட்டு, அவரிடமே 'ஸ்லோ' என்று சொல்லியிருக்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. முருகன் தலையில் அடித்துக்கொண்டார். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் இப்போ ஸ்லோதான். நாங்க ரெண்டு பேரும் சேந்து மெதுவாப் போய்க்கறோம், நீ போடு."

இன்றைக்கும் எந்த மெஷினில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், என் வாய் திறப்பதற்கு முன்னால் காது இரண்டும் சிவந்துவிடுகின்றன.